ஒயிலி கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தாள்

சிராங்கூன் ரோடு முழுவதற்கும் தெரிந்த பிறகுதான், தன் மகளின் கல்யாணம் தள்ளிப்போன செய்தி வடிவேலுவுக்குத் தெரிந்தது.

டாக்சிக்கார மருதப்பனுக்கு அது பூக்கூடையோடு சேர்ந்து வந்தது. சுவா சூ காங்கில் தோட்டம் வைத்திருக்கும் பூவம்மாவையும் அவளுடைய கூடைகளையும் கோயில் வாசலில் இறக்கிவிடுவதுதான் அவனுக்குத் தினமும் முதல் சவாரி. அந்தப் புதன்கிழமை, பாதி வழி தாண்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஜவுளிக்கடை வடிவேலு வீட்டு மரியாதையைப் பாத்தியா மருதப்பா? மக கல்யாணத்துக்கு வான்னு எனக்கு ஒரு கார்டு வரலை. தள்ளி வச்சாச்சுன்னு மட்டும் தபால்ல கார்டு வருது. சாப்பாடு கிடையாதுங்கிறதை மட்டும் மறக்காம சொல்லி அனுப்புறாங்க லா."

மருதப்பன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். இந்த நகைச்சுவையைச் சூடு ஆறுவதற்குள் தில்லையம்பலம் ஐயாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று, கூடைகளை இறக்கியதும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினான்.

தில்லையம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். போலீசில் கைரேகைப் பிரிவில் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தன் விரல்களுக்குக் கோப்பிக் கோப்பையைத் தவிர வேறு வேலை கொடுக்காதவர். ஆனாலும் யாருக்காவது சிக்கல் என்றால், அந்த மாடி அறைக்குத்தான் வருவார்கள். வருபவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுவது மருதப்பனின் பாக்கியம். வார இதழ்களில் வரும் துப்பறியும் தொடர்களை ஒன்று விடாமல் படிக்கிறவன் அவன். அவற்றில் டாக்சிக்காரன் எப்போதும் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போவதுதான் அவனுக்கிருந்த ஒரே குறை.

அவன் படியேறியபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். டன்லப் ஸ்திரீட்டில் அச்சகம் நடத்தும் காதர் மைதீன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும் மருதப்பன்," என்றார் தில்லையம்பலம். "பாய் ஒரு கல்யாணக் கதை சொல்லுறார். இருந்து கேளும்."

மேசைமேல் இரண்டு அட்டைகள் இருந்தன. இரண்டும் ஆங்கிலம். ஒன்று, வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தங்கள் மகள் பவளக்கொடியின் திருமணத்துக்கு வடிவேலுவும் ரத்தினம்மாவும் அழைக்கும் அழைப்பு. மற்றது, தவிர்க்க முடியாத காரணத்தால் அந்தத் திருமணம் தேதி குறிப்பிடாமல் ஒத்தி வைக்கப்படுகிறது என்று, இரு குடும்பத்துப் பெரியவர்களின் பெயரையும் வரிசையாகப் போட்டு வருத்தம் தெரிவிக்கும் அட்டை.

"இந்த ரெண்டாவது கார்டு பொய்," என்றார் காதர் மைதீன். "வடிவேலு அண்ணன் தள்ளி வைக்கவே இல்லை. யாரோ அடிச்சு, ஊர் பூரா தபால்ல போட்டிருக்காங்க. ஈப்போவுல இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒண்ணு போயிருக்கு. அவங்க தந்தி குடுத்தாங்க. பொய்யின்னு இவர் திருப்பிக் குடுத்தாரு. அதுக்கு என்ன பதில் தெரியுமா? 'பொய் என்றால் செய்தது யார்? வாசலில் எதிரி இருக்கும் வீட்டில் பெண் எடுப்பது எப்படி?' வெள்ளிக்கிழமைக்குள்ள பேரைச் சொன்னாத்தான் ராத்திரி மெயில் ஏறுவாங்களாம்."

"அதில் உங்களுக்கு என்ன, பாய்?"

"எழுத்து என்னோடதுங்க ஐயா." அவர் குரல் இறங்கியது. "இந்தச் சாய்வெழுத்து இங்கே என் பிரஸ்ஸைத் தவிர யார்கிட்டயும் கிடையாது. சீமையிலேருந்து நானா வரவழைச்சது. என் அச்சுக் கோக்கிற செல்லக்கண்ணுதான் செஞ்சான்னு வடிவேலு அண்ணன் நிக்கிறாரு. செல்லக்கண்ணுவோட தம்பிக்கு அந்தப் பொண்ணைக் கேட்டு, போன வருஷம் அவங்க இல்லேன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை அவன் பேரைத்தான் ஈப்போவுக்குத் தந்தியில சொல்லுவேங்கிறாரு. அதுக்கப்புறம் இந்த ஊர்ல எந்த பிரஸ்ல அவனைச் சேப்பாங்க?"

"அவன் செய்தானா?"

"கேட்டேன். 'நான் செய்யலை முதலாளி'ன்னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்."

தில்லையம்பலம் தன் பூதக்கண்ணாடியைச் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முனையால் துடைத்தார். துடைத்தாரே தவிர, அட்டையைப் பார்க்கவில்லை. மருதப்பன் பக்கம் நகர்த்தினார். "நீர் பாரும். என்ன தெரியுது?"

மருதப்பன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஏதாவது பெரிதாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. ஒன்றும் தோன்றவில்லை. "முத கார்டு நல்லா இருக்கு ஐயா. ரெண்டாவது... கொஞ்சம் மப்புல நிக்கிற மாதிரி இருக்கு."

காதர் மைதீன் அந்த நிலையிலும் புன்னகைத்தார். தில்லையம்பலம் சிரிக்கவில்லை. "காரை எடும்," என்றார்.

அச்சகத்துக்குள் மையும் மண்ணெண்ணெயும் கலந்து மணத்தது. சுவரில், பெருமையாகச் சட்டம் போட்டு, அந்த எழுத்தில் அடித்த மாதிரிகள் தொங்கின. ஓட்டல் விருந்துப் பட்டியல், பள்ளிப் பரிசுச் சான்றிதழ், அத்தர் புட்டிக்கான சீட்டு, விதவிதமான கல்யாணக் கார்டுகள்.

"நாங்க இவளை ஒயிலின்னு கூப்பிடுவோம்," என்றார் காதர் மைதீன். தொழிலைப் பற்றிப் பேச வந்ததும் அவர் முகம் தெளிந்தது. "ஒயிலாட்டம் ஆடுறவங்க இடுப்பை ஒடிச்சு நிப்பாங்களே, அந்தச் சாய்வு. சாய்வா, ஆனா விழமாட்டா. ஏறும்போது முடி மாதிரி மெலிஞ்சு போவா, இறங்கும்போது தடிச்சு வருவா. எஃப் எழுத்தைப் பாருங்க, மேலேயும் கொக்கி, கீழேயும் வால். ரெண்டு பேருக்கு நடுவுல போடுற அந்த 'அண்ட்' குறி இருக்கே, பூச்சரத்தை முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அந்த ஒரு முடிச்சுக்காகவே கல்யாணக் கார்டுக்கு இவளைத்தான் கேக்குறாங்க. ஏல நோட்டீசு, கடன் நோட்டீசு இவளை வச்சு நான் அடிக்கிறதில்லை. அதுக்கு நிமிந்து நிக்கிற எழுத்து இருக்கு, முறைச்சுக்கிட்டு."

தில்லையம்பலம் சுவரில் இருந்த கல்யாணக் கார்டுகளை ஒன்றொன்றாகப் படித்துக்கொண்டே போனார். ஒரு சீனக் குடும்பத்து அட்டையின் முன் நின்றார்.

"இதில் லிம் வீட்டுத் தாத்தா, பாட்டி, பெரியப்பா, மாமா எல்லாரும் நிற்கினம். தமிழ்க் கார்டுகளில் மட்டும் அப்பா, அம்மா. அதுவும் முன்னாலே இனிஷியல். ஏன் பாய்?"

காதர் மைதீன் தொப்பியைச் சரிசெய்தார். "அது இங்கிலீஷ்க் கார்டு மரியாதைங்க. பெத்தவங்க பேர் மட்டும்தான் போடணும். வடிவேலு அண்ணன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவரு எல்லாப் பெரியவங்க பேரையும் எழுதிக் கொண்டாந்தாரு."

"மரியாதை. சரி," என்றார் தில்லையம்பலம்.

எழுத்துப் பெட்டியின் முன் நின்றிருந்த செல்லக்கண்ணு தலை நிமிரவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க, ஒடிசலான மனிதர். காதில் பென்சில். முதலாளி மரியாதையைப் பற்றிப் பேசியபோது மட்டும் அவர் கை ஒரு நொடி நின்று, பிறகு ஓடியதை மருதப்பன் பார்த்தான். 'ஆகா, துப்பு' என்று மனதுக்குள் குதித்தான். எதற்கான துப்பு என்றுதான் புரியவில்லை.

அங்கிருந்து வடிவேலு வீட்டுக்குப் போனார்கள். பந்தல் போடக் கொண்டுவந்த மூங்கில் வாசலில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே ரத்தினம்மா, போன தீபாவளிக்கே வாங்கி வைத்துவிட்ட கல்யாணச் சேலைகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். பவளக்கொடி கதவோரமாக நின்றாள். அழுது முடித்துவிட்ட முகம். "ஐயா, அவங்க வரலைன்னா பரவாயில்லை. செல்லக்கண்ணு அண்ணன் பேரைத் தந்தியில போடாதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. அவரு செஞ்சிருக்க மாட்டாரு," என்றாள்.

"நீ உள்ளே போ," என்றார் வடிவேலு. அதில் அதட்டலைவிடக் களைப்புதான் அதிகம்.

நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவர் ரத்தினம்மாவின் அண்ணன், தாய்மாமன் தண்டாயுதபாணி. ஜாலான் புசாரில், சினிமாக் கொட்டகைகளில் இடைவேளையில் காட்டும் ஸ்லைடு விளம்பரங்கள் தயாரிக்கும் கடை வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் போனாலே ரப்பர் பசை வாடை அடித்தது. பேசும்போதெல்லாம் விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தார்.

"இதுல துப்பறிய என்ன சார் இருக்கு?" என்றார் அவர். "எழுத்து அந்த பிரஸ்ஸோடது. கோபம் அந்த ஆளோடது. ரெண்டும் ரெண்டும் நாலு."

"கணக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் தில்லையம்பலம். ரத்தினம்மாவிடம் திரும்பினார். "கல்யாணக் கார்டுகளை ஆர் ஆர் கொடுத்தது, தங்கச்சி?"

"டவுன் பக்கம் இவுக. கிராஞ்சி, சுவா சூ காங் பக்கமெல்லாம் அண்ணன். முறைப்படி தாய்மாமன் கொடுக்கணும்ல? கார்டுக் கட்டைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டுல வச்சிட்டு வந்தோம். அதுக்கப்புறம் ரெண்டு வாரமா அவருக்கு வேலை, இந்தப் பக்கமே வரலை. விஷயம் கேள்விப்பட்டு இன்னிக்குத்தான் வாராரு."

"ஈப்போவுக்கும் பொய்க் கார்டு போய், அங்கேயிருந்து தந்தி வந்த பிறகு வந்தாரோ?"

பசையை உரித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. "ஈப்போவுக்கா?" என்றார் தண்டாயுதபாணி. "அங்கே யார் அனுப்பினது?"

"அதே பாவிதான், வேற யாரு," என்றாள் ரத்தினம்மா. "இனி அவங்க வரமாட்டாங்களாம் அண்ணே. இவ வாழ்க்கையே நின்னு போச்சு."

தண்டாயுதபாணி கால்களைக் கீழே இறக்கி வைத்தார்.

திரும்பும் வழியில் மருதப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஐயா, எனக்கு செல்லக்கண்ணு மேலதான் சந்தேகம். மரியாதைன்னதும் கை நின்னுச்சு. நான் பாத்தேன்."

"நானும் பாத்தனான்."

"அப்போ அவர்தானா?"

"பொய்யைக் கேட்டால் நேர்மையானவன்ரை கைதான் நிற்கும், மருதப்பன். சொன்னவன்ரை கை நிற்காது." தில்லையம்பலம் ஜன்னல் வழியாகத் தேக்கா சந்தையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "காலையில் என்னட்டை ஏதோ சொல்ல ஓடி வந்தீரே, என்ன அது?"

மருதப்பன் பூவம்மாவின் நகைச்சுவையைச் சொன்னான். இந்தத் தடவை ஐயா சிரித்தார். அதுவும் வயிறு குலுங்க. நகைச்சுவை அவ்வளவு நன்றாக எடுபட்டதில் மருதப்பனுக்கே ஆச்சரியம்.

"நாளைக்குப் பின்னேரம் எல்லாரையும் அச்சகத்துக்கு வரச் சொல்லும்," என்றார் தில்லையம்பலம். "பூவம்மாவையும் கூட்டி வாரும். அவவுக்கு ஒரு கார்டு கடன் இருக்கு."

வியாழக்கிழமை மாலை அச்சகத்தில் இயந்திரம் நின்றிருந்தது. வடிவேலு வாசலை ஒட்டி, உட்கார மறுத்து நின்றார். ரத்தினம்மாவும் அவள் அண்ணனும் பெஞ்சில். பூவம்மா கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, சினிமா பார்க்க வந்தவள்போல வசதியாகச் சாய்ந்திருந்தாள்.

"செல்லக்கண்ணு," என்றார் தில்லையம்பலம், "எனக்கு ஒரு உதவி. இந்தப் பொய்க் கார்டை, எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஒயிலியில் கோத்துக் காட்டுங்கோ."

செல்லக்கண்ணு முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

"கோக்கட்டும்," என்றார் வடிவேலு. "செஞ்ச கைக்குத் திரும்பச் செய்யத் தெரியாதா?"

செல்லக்கண்ணு இடது கையில் கோக்கும் சட்டத்தை எடுத்துக்கொண்டார். வலது கை பெட்டியின் அறைகளுக்கு மேல், பார்க்காமலே பறந்து பறந்து இறங்கியது. டிக், டிக் என்று ஈய எழுத்துகள் விழுந்தன. அறிவிப்பு வரிகள் முடிந்தன. வடிவேலுவின் பெயர் வந்தது. ரத்தினம்மா வந்தாள், மாப்பிள்ளையின் அப்பா வந்தார், பாட்டன்மார் வந்தார்கள். கடைசிப் பெயர் தண்டாயுதபாணி. 'டி' விழுந்தது. 'எச்' விழுந்தது. கை ஓர் அறைக்கு மேலே போய், அப்படியே நின்றது.

"என்ன நிறுத்திட்டே?" என்றார் வடிவேலு.

தில்லையம்பலம் அந்த அறையை விளக்குப் பக்கம் சாய்த்துக் காட்டினார். மருதப்பன் எட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் தூசி. ஓர் எழுத்துக்கூட இல்லை.

"இங்கிலீஷ் சின்ன 'ஏ' முடிஞ்சுது," என்றார் தில்லையம்பலம். "இந்தப் பெட்டியைச் சீமையில் இங்கிலீஷ்காரன் தன்ரை பாஷைக்குக் கணக்குப் பார்த்து நிரப்பி அனுப்புறான். ஜான், ஸ்மித், ஹென்றி. அவனுக்கு 'ஈ' நிறைய வேணும், 'ஏ' கொஞ்சம் போதும். லிம், இங், ஹோக் எண்டால் சீனருக்கும் போதும். எங்கடை ஆட்களின்ரை பேரை எழுதிப் பாருங்கோ. ராமநாதன், மாணிக்கவாசகம், என்ரை பேர் தில்லையம்பலம், அதிலேயே நாலு. மாமாவின்ரை பேரிலும் நாலு. பாய், மரியாதை எண்டு நீங்கள் சொன்னது இதைத்தானே?"

காதர் மைதீனின் காதுகள் சிவந்தன. "எழுத்துப் பத்தலைன்னு கஸ்டமர்கிட்ட எப்படிங்க சொல்றது? பிரஸ்ஸுக்கே கேவலம். வெளியே விடக் கூடாதுன்னு செல்லக்கண்ணுகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். வடிவேலு அண்ணே, உங்க பெரியவங்க பேரை நான் வெட்டினது மரியாதைக்காக இல்லை. 'ஏ' இல்லாமத்தான்."

"அடப்பாவி," என்றாள் பூவம்மா மெதுவாக.

வடிவேலு விடவில்லை. "சரி. ரெண்டு தடவையா அடிக்கலாமே? மேலே பாதி, அந்த எழுத்தையே எடுத்துக் கீழே பாதி."

"நல்ல கேள்வி." தில்லையம்பலம் பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார். "முதலில் உங்கடை மகளின்ரை உண்மையான கார்டைப் பாருங்கோ. பவளக்கொடி எண்ட பேரில், ரெண்டாவது 'ஏ'க்கு வாலில் சின்னதாய் ஒரு வெட்டு. எப்பவோ கீழே விழுந்த எழுத்து. அந்தக் கார்டில் அந்த வெட்டு அந்த ஒரு இடத்தில்தான். ஏனெண்டால் அது ஒரே ஒரு ஈயத் துண்டு. இப்ப பொய்க் கார்டைப் பாருங்கோ."

வடிவேலு குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். "இங்கே இருக்கு... இங்கேயும் இருக்கு... இந்த வரியிலேயே ரெண்டு."

"ஒரு வரியில் ரெண்டு. ஒரு விரல் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் இருக்காது. ரெண்டு தடவை இல்லை, பத்துத் தடவை அடிச்சாலும் ஒரே வரியில் அது நடக்காது. அப்போ இது ஈயத்திலிருந்து வரேல்லை. அடிச்சு முடிஞ்ச கல்யாணக் கார்டுகள் பலதை வெட்டி, ஒவ்வொரு எழுத்தாய்ப் பொறுக்கி ஒட்டி, படம் பிடித்து, தகட்டில் பிளாக் செய்து, வேறே எங்கேயோ அடிச்சிருக்கினம். எத்தனை கார்டை வெட்டினாலும் பவளக்கொடியின்ரை அந்த 'ஏ'க்குக் காயம் இருக்கும்தானே?" அவர் மருதப்பன் பக்கம் திரும்பினார். "இதை முதலில் கண்டது நானில்லை. கார்டு மப்பில் நிற்குது எண்டு இவர் சொன்னார். ஒயிலி எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் சாய்வாள், ஈயம் அவளை அப்படிப் பிடிச்சிருக்கும். கையால் ஒட்டினபடியால்தான் இதில் ஒருத்தி கொஞ்சம் கூடுதலாய்ச் சாயுறாள்."

மருதப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். இந்த இதழில் டாக்சிக்காரன் சாகப் போவதில்லை.

"அப்படி வெட்டுறதுக்கு ஒரு கட்டுக் கார்டு வேணும்," என்று தொடர்ந்தார் தில்லையம்பலம். "ஆரிட்டை ஒரு கட்டு இருந்தது? பூவம்மா, உங்களுக்குக் கல்யாணக் கார்டு வந்ததோ?"

"எங்க வந்துச்சு? எனக்கும் இல்லை, எங்க சுவா சூ காங்ல யாருக்கும் இல்லை. தள்ளி வச்ச கார்டு மட்டும் எல்லாருக்கும் வந்துச்சு."

மருதப்பனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. இரண்டு நாளாகத் தான் சொல்லிச் சொல்லிச் சிரித்த நகைச்சுவைக்குள் இது இருந்திருக்கிறது. அவன் கண்கள், அச்சகத்தில் எல்லாருடைய கண்களும்போல, பெஞ்சுப் பக்கம் போயின.

தண்டாயுதபாணி விரல் நுனிகளை மடக்கி மறைத்துக்கொண்டார்.

"கடைசியாய் ஒண்டு," என்றார் தில்லையம்பலம். குரலில் கடுமை இல்லை. "கத்தரிக்கோலால் எழுத்து வெட்டுறவன் சோம்பேறியாய்த்தான் இருப்பான். 'இரு வீட்டாரும்' எண்டு போட்டு முடிச்சிருக்கலாம். இவரோ எல்லாப் பெரியவரையும் முழுப் பேரோடு கொண்டு வந்து நிறுத்தினார். நாள் கணக்காய் வெட்டி ஒட்டியிருப்பார். ஏனெண்டால், அந்த வரிசையில் தன்ரை பேரும் முழுசாய், ஒயிலியில் நிற்கவேணும். அந்தப் பேரை உண்மையான கார்டில் அவர் தேடிப் பார்த்திருக்கிறார். இருக்கேல்லை."

வெளியே ஒரு மாட்டு வண்டி கடகடவென்று போனது.

"தூக்கி வளத்தேன்," என்றார் தண்டாயுதபாணி. யாரிடமும் சொல்லவில்லை, தரையிடம் சொன்னார். "காது குத்தும்போது என் மடியிலதான் வச்சுக் குத்தினாங்க. கட்டைப் பிரிச்சுப் பாக்கிறேன், தாய்மாமன் பேர் இல்லை. மச்சான் வேணும்னே வெட்டிட்டாருன்னு நினைச்சேன். ஜவுளிக்கடைக்காரருக்கு ஸ்லைடு ஒட்டுற மச்சினன் இருக்கிறது கேவலமோன்னு... ஒரு வாரம் தள்ளிப் போகும், என்ன கோபம்னு எங்கிட்ட வந்து கேப்பாங்க, கேட்டா போதும்னு இருந்தேன். சத்தியமா ஈப்போவுக்கு நான் அனுப்பலை. கிராஞ்சியில யாரோ சொந்தக்காரங்க தங்களுக்கு வந்த கார்டைத் தெரியாம அங்கே அனுப்பியிருக்காங்க."

"அதனால்தான் நேற்று 'அங்கே யார் அனுப்பினது' எண்டு கேட்டீங்கள்," என்றார் தில்லையம்பலம். "மற்ற எல்லாரும் அனுப்பினது ஒரே ஆள் எண்டு நினைச்சினம். இல்லையெண்டு தெரிஞ்சது, அனுப்பின ஆளுக்கு மட்டும்தான்."

ரத்தினம்மா எழுந்து அண்ணன் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று மருதப்பன் நினைத்தான். "ஒரு வார்த்தை வந்து கேட்டா என்ன அண்ணே? என் பேர் எங்கேன்னு வாசல்ல நின்னு கத்தியிருந்தா, ரெண்டு நாள் சண்டை போட்டுட்டுச் சோறு போட்டிருப்பேன்ல."

"கேட்டு வாங்கினா அது மரியாதையா?" என்றார் அவர். சொல்லிவிட்டு அழுதார்.

வடிவேலு வாசலிலிருந்து உள்ளே வந்தார். மச்சானைத் தாண்டி நேரே எழுத்துப் பெட்டிக்குப் போனார். "செல்லக்கண்ணு, நான் பேசினது தப்பு. வாய் திறந்து 'ஏ' இல்லைன்னு சொல்லியிருந்தா உங்க மேல பழியே வந்திருக்காதே?"

"வாக்குக் குடுத்துட்டேங்க," என்றார் செல்லக்கண்ணு. அன்றைக்கு அவர் முதலில் பேசிய வார்த்தைகள் அவை. "தம்பிக்குப் பொண்ணு கேட்டது உண்மை. இல்லேன்னது உங்க இஷ்டம். அந்தப் பிள்ளை கார்டை நான்தான் கோத்தேன். இந்தப் பெட்டியில நல்ல எழுத்தாப் பாத்துப் பொறுக்கித்தான் கோத்தேன். ஒண்ணுல மட்டும் வெட்டு இருந்திருக்கு, கவனிக்கலை."

"அந்த வெட்டுத்தானே உங்களைக் காப்பாத்திச்சு," என்றான் மருதப்பன்.

அன்று மாலையே தந்தி ஆபீசுக்கு டாக்சி பறந்தது. என்ன எழுதுவது என்று வடிவேலு பேனாவை வைத்துக்கொண்டு திணறினார். தில்லையம்பலம்தான் சொல்லிக் கொடுத்தார்: 'செய்தது எதிரி அல்ல. தாய்மாமன். அழைப்பில் பெயர் விடுபட்டது. சமாதானம் ஆயிற்று.'

மறுநாள் காலையில் ஈப்போவிலிருந்து பதில் வந்தது. வடிவேலு அதை மூன்று தடவை படித்துவிட்டு, சத்தமாக நான்காவது தடவை படித்தார்: 'புரிகிறது. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். மெயில் ஏறுகிறோம்.'

வாசலில் கிடந்த மூங்கில் கட்டைப் பிரிக்கும் சத்தம் அதற்கு மேல்தான் கேட்டது.

அச்சகத்திலோ அதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. கல்யாணம் குறித்த நாளில் நடக்கும் என்று ஊருக்கெல்லாம் புதிய அட்டை அடிக்க வேண்டும், எல்லாப் பெரியவர் பெயரோடும். இரண்டு தடவையாக அடித்துச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. எந்த வரியில் தொடங்குவது என்று காதர் மைதீன் கேட்டார். "மாமன் பேரை முதல்ல கோத்துடுறேன் முதலாளி," என்றார் செல்லக்கண்ணு. "அப்புறம் 'ஏ' தீந்தாத் தீரட்டும்."

அட்டைகளைக் கொண்டு சேர்க்கும் வேலை தண்டாயுதபாணிக்கு. மருதப்பனின் டாக்சியில் கிராஞ்சியும் சுவா சூ காங்கும் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் கார்டைக் கொடுத்துவிட்டு, அவர்கள் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றார். பூவம்மா தன் கார்டை வாங்கி, திருப்பி, பின்பக்கமும் பார்த்தாள். "சாப்பாடு உண்டுதானே?" என்றாள்.

உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பந்தி அதிகமாகவே நடந்தது. முதல் பந்தியில் செல்லக்கண்ணுவையும் அவர் தம்பியையும் கையைப் பிடித்து உட்கார வைத்தவர் தாய்மாமன்தான்.

சில மாதங்கள் கழித்து, ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு காதர் மைதீன் மாடியேறி வந்தார். சீமையிலிருந்து எழுத்து வார்க்கும் கம்பெனி எழுதியிருந்தது. 'தங்கள் ஆர்டர் கிடைத்தது. சாய்வெழுத்தில் சின்ன ஏ மட்டும் ஒரு பெட்டி நிறைய என்று எழுதியுள்ளீர்கள். இத்தனை ஆண்டுகளில் எந்த வாடிக்கையாளரும் இப்படிக் கேட்டதில்லை. ஏதேனும் பிழை நேர்ந்துள்ளதா என்று அறிய விரும்புகிறோம்.'

"என்னங்க ஐயா எழுதுறது? எழுத்துப் பத்தலைன்னு வெள்ளைக்காரன்கிட்டயும் ஒத்துக்கணுமா?"

தில்லையம்பலம் கோப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். மருதப்பன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எழுதும், மருதப்பன்," என்றார் அவர். "பிழை ஒண்டும் இல்லை. எங்கள் ஊரில் மாமன்மார் அதிகம்."